திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டின் பெயர்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. "சார், ஆபீஸ்ல நெட்வொர்க்கிங் பத்தி ரெண்டு நாள் பயிற்சி வச்சாங்க. யாரைத் தெரிஞ்சு வச்சிக்கணும், எப்படிப் பேசணும், எப்படித் தொடர்புல இருக்கணும்னு எல்லாம் சொன்னாங்க. எல்லாம் சரிதான். ஆனா மனசுக்கு ஏதோ ஒட்டல. நீங்க வரலாறு நடத்துனவர்தானே, உறவு வளர்க்கத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டான்.

சட்டென்று பதில் வரவில்லை. இரவு படுத்த பிறகுதான் ஒரு வீட்டின் பெயர் நினைவுக்கு வந்தது. 'தியாகராச விலாசம்'. சென்னை திருவல்லிக்கேணி, பிள்ளையார் கோவில் தெருவில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த வீடு. 2012-இல் இடித்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் தமிழாசிரியன் இல்லை. பிழை இருந்தால் தமிழய்யாக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உ.வே.சா. 1855-இல் பிறந்தவர். சொந்த ஊர் பாபநாசம் பக்கத்தில் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். நிலையான வருமானம் இல்லாத குடும்பம். அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகப் போய், கிடைத்த ஆதரவில் வாழ்ந்தார்கள். பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். போகிற ஊரில் எல்லாம் யாரிடமாவது பாடம் கேட்டான்.

அப்படிப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்தார். பையனின் வேகத்தைப் பார்த்த அவர், "இனிமேல் இவன் என்னிடம் இருக்கக் கூடாது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போக வேண்டும்" என்ற கருத்தைச் சொன்னார். ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு கடினம் என்று. நன்றாகப் படிக்கிற பையன் நம் வகுப்பில்தான் இருக்க வேண்டும், நம் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ரெட்டியார் அந்த ஆசையை விட்டார்.

1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவரும் பிள்ளையவர்கள்தான். அந்த ஆசிரியரைச் சுற்றி இருந்த கூட்டத்தைப் பாருங்கள். சைவ வேளாளர் ஆசிரியர். பிராமணப் பையன் மாணவன். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவர் உடனிருந்து ஊழியம் செய்த மாணவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடம் கேட்டவர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை நெருங்கிய நண்பர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினாரே, அவர்தான். சாதியும் மதமும் இறுகக் கட்டிவைத்திருந்த காலத்தில், தமிழ் என்ற ஒன்றை நடுவில் வைத்து இத்தனை பேர் ஒட்டியிருந்தார்கள்.

1876 பிப்ரவரி 1-ஆம் தேதி பிள்ளையவர்கள் காலமானார். கடைசி நேரத்தில் சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதன் பக்கத்தில் அமர்ந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படித்தார். அப்போது உ.வே.சா.வுக்கு வயது 20. ஆசிரியர் போய்விட்டார். கையில் பட்டம் இல்லை, பதவி இல்லை. ஆனால் ஆசிரியரோடு பழகியவர்கள் இருந்தார்கள்.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் அவரைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். தாமே பாடம் சொன்னார். மடத்தில் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லவும் வைத்தார். குடியிருக்க வீடும் ஏற்பாடு செய்து கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் "போதும், இனி இங்கேயே காலத்தை ஓட்டிவிடலாம்" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இங்கேதான் தியாகராச செட்டியார் வருகிறார். அவரும் பிள்ளையவர்களின் மாணவர்தான், ஆனால் மூத்த தலைமுறை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். உடல்நலம் சரியில்லாமல் ஓய்வு பெற முடிவு செய்தார். அந்தக் காலத்தில் அரசாங்கக் கல்லூரித் தமிழாசிரியர் வேலை என்றால் எவ்வளவு பேர் காத்திருப்பார்கள்! சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், சிபாரிசோடு வருகிறவர்கள். செட்டியார் நேரே திருவாவடுதுறைக்கு வந்தார். "என் இடத்துக்குச் சாமிநாதையர் வர வேண்டும், அவரை அனுப்பிவையுங்கள்" என்று தேசிகரிடம் கேட்டார்.

தேசிகருக்கு மனமில்லை. பிள்ளை போல வளர்த்தவர். மடத்துக்கே ஒளியாக இருக்கிறவர். கடைசியில் பையனின் எதிர்காலத்தை நினைத்து இசைந்தார். கல்லூரித் தலைவராக இருந்த கோபாலராவிடம் அழைத்துப் போய், "என்னை விட இவர் நன்றாகச் செய்வார்" என்ற உறுதியை ஏற்படுத்தி வேலை வாங்கிக் கொடுத்தார் செட்டியார். 1880 பிப்ரவரி 16-ஆம் தேதி உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். வயது 24.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ரெட்டியார் மாணவனை விட்டார். தேசிகர் வளர்த்தவரை விட்டார். செட்டியார் தம் நாற்காலியை விட்டார். உறவு என்றால் பிடித்துக்கொள்வது என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த மூவரும் விட்டவர்கள். ஆனால் மூன்று உறவும் அறுந்து போகவில்லை.

வாங்கிக்கொண்டவர் என்ன செய்தார் என்பது அடுத்த பாதி.

அதே 1880-ஆம் ஆண்டு, அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார் உ.வே.சா. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் அசையவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன், சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற பொருளில் கேட்டார். இவர் படித்திருக்கவில்லை.

கல்லூரி ஆசிரியர். மகாவித்துவானின் மாணவர். நேருக்கு நேர் இப்படி ஒருவர் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? "அதிகாரி என்ற திமிர்" என்று திட்டிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்திருப்போம். உ.வே.சா. மறுபடியும் போனார். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து படித்தார். அவரோடு உட்கார்ந்து பாடம் பேசினார். சுருக்கென்று தைத்த அந்தக் கேள்வியிலிருந்துதான் பின்னால் நமக்குப் பத்துப்பாட்டும் புறநானூறும் அச்சில் கிடைத்தன.

சிந்தாமணி சமண காவியம். சைவ மடத்தில் படித்தவருக்கு அதில் பல இடங்கள் புரியவில்லை. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போனார். அங்கே ஒரு வீட்டில் தோரணமும் கோலமுமாக இருந்தது. விசாரித்தால், மாதக்கணக்கில் சிந்தாமணி வாசித்து அன்று நிறைவு செய்கிறார்களாம். தாம் பொருள் தெரியாமல் தவித்த நூல், பக்கத்துத் தெருவில் விழாவாக நடந்துகொண்டிருக்கிறது! அவர்களிடம் மாணவனைப் போலக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கல்லூரியில் ஆசிரியர், சமணர் தெருவில் மாணவர். கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவு இருந்ததால் அந்தக் கதவுகள் திறந்தன.

1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. அடுத்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராக ஏடு தேடினார். ஏடு யாருடைய வீட்டிலோ பரணில் கிடக்கும். முன்பின் தெரியாதவரிடம் யார் கொடுப்பார்கள்? பழகியவர்கள் சொல்லி, அவர்களுக்குப் பழக்கமானவர்கள் சொல்லி, ஒவ்வொரு கட்டாக வந்தது. அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே கையொப்பமிட்டுப் பணம் தந்தவர்களும் இருந்தார்கள்.

அவருடைய பதிப்புகளின் முகவுரையைத் திறந்து பாருங்கள். ஏடு தந்தவர்கள், உதவி செய்தவர்கள் என்று பெயரும் ஊருமாக எழுதிவைத்திருப்பார். அந்த ஏடு கொடுத்தவர் பலரின் பெயர் இன்று வேறு எங்கும் கிடையாது, அந்த முகவுரையில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. அடுத்த முறை ஏடு கேட்டுப் போகும்போது கதவு ஏன் திறந்தது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தியாகராச செட்டியார் 1888-இல் மறைந்தார். இனி அவரால் உ.வே.சா.வுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. 1903-இல் உ.வே.சா. சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம். புகழின் உச்சி. திருவல்லிக்கேணி வீட்டுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றபோது அவர் வைத்தது அப்பா பெயரும் இல்லை, குலதெய்வத்தின் பெயரும் இல்லை. தமக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போனவரின் பெயர். தினமும் வாசலில் நுழையும்போது அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டுதான் நுழைந்திருப்பார். செட்டியாரைப் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதினார்.

தம் ஆசிரியர் பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933, 1934-இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். ஆசிரியர் இறந்து 57 ஆண்டுகளுக்குப் பிறகு, தமக்கு வயது 78 ஆனபோது! பிறகு ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடராக வந்தது. தலைப்பு 'என்' சரித்திரம். உள்ளே போனால் பாதிக்கு மேல் மற்றவர்களின் சரித்திரம். சோறு போட்டவர், ஏடு கொடுத்தவர், ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னவர் வரை யாரையும் விடவில்லை. அதை முடிக்காமலேயே 1942-இல் காலமானார்.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஒரு மூத்த வரலாற்று ஆசிரியர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. புதிதாக வந்த எனக்குப் பத்தாம் வகுப்பைக் கொடுக்கத் தலைமையாசிரியர் தயங்கியபோது, "என் வகுப்பை இவரிடம் கொடுங்கள், நான் எட்டாம் வகுப்பு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். ஓய்வு பெற்ற அன்று, துணியில் தம் கையால் வரைந்த நிலப்படங்கள் அடங்கிய தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். 31 வருடம் அந்தப் படங்களை வைத்துத்தான் பாடம் நடத்தினேன்.

அவரைப் பார்க்க எத்தனை முறை போனேன் தெரியுமா? இரண்டு முறை. நாற்பது கிலோமீட்டர்தான் தூரம். பொங்கலுக்குப் போகலாம், முழு ஆண்டு விடுமுறையில் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் மகன் போன் செய்த அன்று நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். மாலை முகாம் முடிந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான் ஓய்வு பெறும்போது அந்தப் பெட்டியை இளம் ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் ஐயாவின் பெயரை எழுதினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் கண்ணில் படும் காலத்தில் எழுதியிருக்க வேண்டியது.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இது. உன் பயிற்சி வகுப்பில் யாரைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதோடு இரண்டைச் சேர்த்துக்கொள். உன்னை விடத் தகுதியானவன் வந்தால் வழி விடு. உனக்கு வழி விட்டவரின் பெயரை நாலு பேர் முன்னால் சொல், அவரால் இனி உனக்கு ஒன்றும் ஆக வேண்டாம் என்ற நிலையிலும் சொல்.

நண்பர்களே, உங்கள் வாழ்க்கையில் தியாகராச செட்டியார் யார்? அவர் இருந்தால் முதலில் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். அவர் பெயரைக் கீழே எழுதுவதை வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்