வராதவர்களைத் தேடும் வடிகட்டி

போன வருடம் சரக்கு வாங்கி, இந்த வருடம் எட்டிப் பார்க்காத வாடிக்கையாளர்கள் யார் யார்? எந்தக் கடைக்காரரும் கேட்கும் கேள்விதான். ஆனால் இந்த வருட விற்பனையைச் சாதாரண வடிகட்டியில் போட்டால் பதில் வராது. வடிகட்டி ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். வராதவருக்குத்தான் வரியே இல்லையே!

இரண்டு பட்டியல்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். பள்ளிக் கணக்கில் படித்த கணங்களின் வித்தியாசம் இதுதான். வணிகவியல்காரர்களுக்கு இன்னும் எளிது: வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நினைவிருக்கிறதா? ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் வைத்து டிக் அடித்துக்கொண்டே போய், டிக் விழாததை மட்டும் எடுத்து எழுதுவோமே, அதே வேலை.

1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித்தின் துளை அட்டை இயந்திரங்கள் அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணின. அடுக்கோடு அடுக்கை ஒப்பிட அவற்றால் முடியாது. 1935-ல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கணக்கைப் பராமரிக்க வேண்டிய நிலை. 1937-ல் ஐ.பி.எம். 077 கொலேட்டர் வந்தது. இரண்டு அட்டை அடுக்குகளை இரண்டு வாய்களில் வைத்தால், ஜோடி சேர்ந்தவற்றையும் சேராதவற்றையும் தனித்தனிப் பெட்டிகளில் பிரித்துப் போடும். கணங்களின் வெட்டும் வித்தியாசமும் கையால் தொடக்கூடிய அட்டைக் கட்டுகளாக வந்து விழுந்தன!

அதற்குக் கணித அடித்தளம் போட்டவர் எட்கர் காட், 1970-ல், அதே ஐ.பி.எம்.மில். அட்டவணையே ஒரு கணம்தான் என்றார். சேர்ப்பு, வெட்டு, வித்தியாசம் எல்லாம் அட்டவணைக்கும் பொருந்தும். ஆனால் இரண்டுக்கும் பத்திகள் ஒத்திருக்க வேண்டும். 1974-ல் அவருடைய சகாக்கள் இதை எஸ்.க்யூ.எல். மொழியின் முதல் வடிவமாக்கினார்கள். 1979-ல் ஐ.பி.எம்.மையே முந்திக்கொண்டு ஆரக்கிள் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கழித்தலுக்கு ஆரக்கிள் வைத்த சொல் மைனஸ். 1992 தர நிர்ணயம் வைத்தது எக்ஸெப்ட். ஒரே வேலைக்கு இரண்டு பெயர், மாணவர்களுக்குத் தலைவலி.

கணக்குப் பிரிவில் இருப்பவர் எஸ்.க்யூ.எல். எழுதுவாரா? மாட்டார். 1990-ல் பிரான்சில் தொடங்கிய பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் போன்றவை மவுஸாலேயே இரண்டு கேள்விகளைச் சேர்க்கவும் கழிக்கவும் வழி செய்தன. ஸ்வீடனில் பிறந்த க்ளிக்வியூ, 2008-ல் வந்த 8.5 பதிப்பில், 'செட் அனாலிசிஸ்' என்ற வசதியைத் தந்தது. + சேர்ப்பு, * வெட்டு, - வித்தியாசம். இரண்டில் ஏதாவது ஒன்றில் மட்டும் இருப்பவர்களுக்கு / குறி. (வகுத்தலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ!)

புதிதாகப் பழகுபவர்கள் வழுக்கி விழுவது வேறு இடத்தில். வரைபடத்தின் ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு கணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் சூத்திரம் எழுதுவார்கள். மென்பொருளோ வரைபடம் முழுவதற்கும் ஒரே தடவைதான் கணத்தைக் கணக்கிடும், வரிகளைத் தொடுவதற்கு முன்பே.