ஒன்பது கோல் போட்டும் தோத்த கதை

டிஸ்கி: எம்.சி.ஜி.ன்னு பார்த்ததும் கிரிக்கெட் பதிவுன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். மைதானம் அதேதான், ஆட்டம் வேற.

மெல்பர்னுக்கு ரெண்டு வருஷம் ஆணி புடுங்கப் போயிருந்தேன். நான் குடியிருந்த வீட்டு ஓனர் எழுபதைத் தாண்டினவர், வெறித்தனமான ஜீலாங் ரசிகர். (முதல் நாளே நான் அதைக் 'கீலாங்'னு படிச்சு அசிங்கப்பட்டது தனிக்கதை.) அவர் ஹாலில் ஒரு பழைய டிக்கெட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார். 1989 கிராண்ட் ஃபைனல். ஜெயிச்ச ஆட்டமா இருக்கும்னு நினைச்சு, "எத்தனை புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சீங்க?"ன்னு கேட்டேன். "ஆறு புள்ளியில தோத்தோம்"னார். காரணத்தையும் அவரே சொன்னார்: "ஒரே ஆளை நம்பினோம்."

அந்த ஒரு வரியை என்னால ஒத்துக்க முடியலை. பழைய ஆட்டங்களோட வீடியோவை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு நிமிஷம். ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால். முட்டை வடிவ மைதானம், ஆளுக்கு 18 பேர். ரெண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுவில் இருக்கிற ரெண்டு உயரமான கம்பத்துக்கு இடையில் உதைச்சா கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனா பிஹைண்ட், 1 புள்ளி. குறைஞ்சது 15 மீட்டர் தூரம் உதைபட்டு வர்ற பந்தை, நடுவில் யார் கையும் படாம பிடிச்சுட்டா அது மார்க். அப்புறம் எவனும் உங்களைத் தொட முடியாது, நிதானமா நின்னு உதைக்கலாம். இது எல்லாத்தையும் விட முக்கியமான விஷயம், இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. யார் வேணா எங்க வேணா நிக்கலாம். இனிமே சொல்லப் போற தகராறு மொத்தமும் அதுலதான் இருக்கு.

ஆஃப்சைடு இல்லைன்னாலும், ரொம்ப காலம் எல்லாரும் அவங்கவங்க இடத்துலதான் நின்னாங்க. கோலுக்கு முன்னாடி ஃபுல் ஃபார்வர்ட், கொஞ்சம் மேலே சென்டர் ஹாஃப் ஃபார்வர்ட், ஆளுக்கொரு டிஃபென்டர் ஒட்டிக்கிட்டு. முன்னாடி விரிஞ்சு கிடக்கிற வெத்து இடத்துக்கு ஃபுல் ஃபார்வர்ட் திடீர்னு பிச்சுக்கிட்டு ஓடி வருவான், பந்து அவன் நெஞ்சுக்கு வரும். இதுக்கு 'லீட்'னு பேர்.

ஹாத்தார்ன் இந்தக் கலையில் பரம்பரைப் பணக்காரங்க. 1971-ல் அவங்களோட பீட்டர் ஹட்சன் ஒரே சீசனில் 150 கோல் போட்டு, 1934-ல் பாப் பிராட் வச்ச சாதனையைச் சமன் பண்ணினார். அடுத்த தலைமுறைக்கு ஜேசன் டன்ஸ்டல் வந்தார். 1989 சீசனில் மட்டும் 138 கோல். அவருக்கு மேலே சென்டர் ஹாஃப் ஃபார்வர்டா டெர்மட் பிரெரட்டன். முரட்டு ஆளு. ரெண்டு பேருக்கும் இருந்த புரிதல் ரொம்ப எளிமையானது. பிரெரட்டன் மேலே நின்னு டிஃபென்டர்களை இழுத்து வச்சு மோதிக்கிட்டு இருப்பார். அவருக்குப் பின்னால் காலியாகிற இடத்துல டன்ஸ்டல் லீட் ஓடுவார்.

ஜீலாங்கோட கோச் மால்கம் பிளைட். 'நீ எத்தனை போட்டாலும் நான் ஒண்ணு கூடப் போடுவேன்' ரகம். அவர்கிட்ட இருந்தது கேரி ஆப்லெட். 1989-ல் அவர் முழுநேர ஃபுல் ஃபார்வர்ட் கூட இல்லை. அந்த இடத்துக்கு நிரந்தரமாப் போனது 1993-ல்தான். பெரும்பாலும் பக்கவாட்டில் நின்னுக்கிட்டே அந்த சீசனில் 87 கோல். இதுல ஒரு கொடுமை என்னன்னா, இந்த ஆப்லெட் 1982-ல் ஹாத்தார்னுக்கு 6 ஆட்டம் ஆடினவர். அங்க ஒட்டலை, 1984-ல் ஜீலாங்குக்கு வந்தார்.

1989 ஆறாவது ரவுண்டிலேயே ட்ரெய்லர் ஓடிடுச்சு. ஹாத்தார்ன் 171, ஜீலாங் 163. கிரிக்கெட் ஸ்கோர் இல்லைங்க, ஃபுட்பால்தான்.

கிராண்ட் ஃபைனல் அன்னிக்கு முதல் விசில் ஊதி நடுவர் பந்தை மேலே எழுப்பின அதே நொடி, ஜீலாங்கோட மார்க் யேட்ஸ் ஓடி வந்து பிரெரட்டன் மேல மோதினார். பந்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பிரெரட்டனுக்கு விலா எலும்பு முறிஞ்சது, அங்கேயே வாந்தி எடுத்தார். எல்லாரும் இதை வீர வரலாறாச் சொல்லுவாங்க. எனக்கு இது முழுக்க முழுக்கத் தந்திரமாத்தான் தெரியுது. ஹாத்தார்ன் ஃபார்வர்ட் லைன்ல எந்தக் கல்லை உருவினா கட்டடம் சரியும்னு ஜீலாங்குக்குத் தெரிஞ்சிருக்கு.

ஆனா அந்தக் கல்லு விழலை. பிரெரட்டன் வெளியே போக மாட்டேன்னு நேரா கோல் பக்கம் போய் நின்னார். சில நிமிஷத்திலேயே ஒரு மார்க், ஒரு கோல். ஆளை அடிக்கிறதுல குறியா இருந்த ஜீலாங் பந்தை விட்டுட்டாங்க. முதல் கால் பகுதி முடிஞ்சப்போ ஹாத்தார்ன் 40 புள்ளி முன்னாடி. என் கணக்குப்படி ஆட்டம் தோத்தது இங்கதான். ஆப்லெட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்புறம் ஆப்லெட் ஆடினதை எழுத்துல கொண்டு வர்றது கஷ்டம். எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து நடுவர் உள்ளே எறிஞ்ச பந்து. ரெண்டு பக்கத்து உயரமான ஆளுங்களும் எம்பிக்கிட்டு இருக்கும்போதே நடுவில் புகுந்து பறிச்சு, திரும்பின வேகத்திலேயே உதைச்சுக் கோல். இது மாதிரி 9. கிராண்ட் ஃபைனலில் 1928-ல் கார்டன் கவன்ட்ரி வச்ச சாதனை சமன். மூணாவது கால் பகுதி முடிவில் 36 புள்ளி பின்னாடி இருந்த ஜீலாங், கடைசியில் 6 புள்ளி வரைக்கும் நெருங்கி வந்துட்டாங்க. விசில் ஊதியாச்சு.

ஹாத்தார்ன் 21 கோல் 18 பிஹைண்ட், 144. ஜீலாங் 21 கோல் 12 பிஹைண்ட், 138. கவனிச்சீங்களா? கோல் கணக்கு சமம். வித்தியாசம் ஆறு பிஹைண்ட், அதாவது ஹாத்தார்ன் கூடுதலாத் தவறவிட்ட ஆறு உதை! டன்ஸ்டல் 4, பிரெரட்டன் உடைஞ்ச விலாவோட 3. தோத்த அணியில இருந்தும் ஆட்ட நாயகன் விருதான நார்ம் ஸ்மித் பதக்கம் ஆப்லெட்டுக்குத்தான்.

நம்ம ஓனர் மாதிரி ஆளுங்க, "ஒருத்தன் 9, மத்த எல்லாரும் சேர்ந்து 12, அதான் தோல்வி"ம்பாங்க. எங்க பாஷையில சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். ஆனா இங்க அந்த பாயின்ட் ஃபெயிலே ஆகலையே சாமி!

இனி 19 வருஷம் தள்ளி வாங்க. 2008 கிராண்ட் ஃபைனல், அதே ரெண்டு அணி. இப்போ நட்சத்திரம் ஹாத்தார்ன் பக்கம். லான்ஸ் ஃபிராங்க்ளின் அந்த சீசனில் 113 கோல், கூட நின்ன ஜாரிட் ரஃப்ஹெட் 75. ஜீலாங் பக்கம் அப்படி ஒரு ஆள் கிடையாது. உயரத்துக்கு கேமரன் மூனி, சுத்தி ஸ்டீவ் ஜான்சன், பால் சாப்மன், மேத்யூ ஸ்டோக்ஸ்னு கோலைப் பங்கு போட்டுக்கிற கூட்டம். ஓனர் கேட்ட மாதிரியே கட்டின அணி. லீக்கில் 22 ஆட்டத்தில் ஒண்ணே ஒண்ணுதான் தோத்திருந்தாங்க.

ஹாத்தார்ன் கோச் அலஸ்டர் கிளார்க்சன் ஒரு வேலை பண்ணியிருந்தார். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கிற பழக்கத்தை விட்டுட்டு, இடத்தைக் காவல் காக்கச் சொன்னார். பந்து எங்க நகருதோ அதுக்கேத்த மாதிரி அத்தனை பேரும் வலை மாதிரி சேர்ந்து நகரணும். கிளார்க்சன் கிளஸ்டர்னு பேரே வந்துடுச்சு. எதிரி பந்தை வெளியே எடுக்கப் பார்த்தா, உதைக்க வெத்து இடமே இருக்காது. பதறி உதைச்சா பந்து திரும்ப ஃபிராங்க்ளின் பக்கமே வரும். நல்லா யோசிச்சா, டிஃபென்ஸுக்குப் போட்ட திட்டம்தான் ஃபார்வர்ட் லைனுக்குத் தீனி போட்டது.

கிராண்ட் ஃபைனலில் ஃபிராங்க்ளின் போட்டது 2 கோல். ரஃப்ஹெட் 2. மீதி 14 மத்தவங்க. பெரிய ஆளுங்களைச் சுத்தி ஜீலாங் டிஃபென்டர்கள் கூடினப்போ, சிதறின பந்தை எல்லாம் மத்தவங்க பொறுக்கினாங்க. ஓய்வு பெற்றுப் போயிருந்த ஸ்டூவர்ட் டியூவைக் கிளார்க்சன் திரும்பக் கூட்டிட்டு வந்திருந்தார், மூணாவது கால் பகுதியைத் தன் பேருக்கு எழுதிக்கிட்டார் அவர். முதல் சீசன் ஆடின சிரில் ரியோலி பந்து வச்சிருக்கிறவனைத் துரத்தித் துரத்தி அமுக்கினார். (இவர் பிறந்தது 1989 ஜூலை. மேலே சொன்ன ஆட்டம் நடந்தப்போ கைக்குழந்தை.)

ஜீலாங்? 11 கோல், 23 பிஹைண்ட், 89 புள்ளி. ஹாத்தார்ன் 18 கோல், 7 பிஹைண்ட், 115. கோலைப் பார்த்து 34 தடவை போய் வந்தவன் 25 தடவை போனவன்கிட்ட தோத்திருக்கான். அதுல மூனி பாதி ஆட்ட விசிலப்போ பக்கத்துல நின்னு விட்ட உதை, இன்னிக்கும் ஜீலாங் ஆளுங்களுக்கு வயித்தெரிச்சல். 23-ல 11 பிஹைண்ட் ஹாத்தார்ன் ஆளுங்களே பந்தை உள்ளே தள்ளிக் கொடுத்தது. 1 புள்ளியைத் தானம் பண்ணிட்டு, பந்தைத் தன் கையில் வாங்கிக்கலாம். சட்டத்துல இருந்த ஓட்டை. 2009-லேயே, வேணும்னு தள்ளினா எதிரணிக்கு ஃப்ரீ கிக்னு விதியை மாத்திட்டாங்க.

1989-ல் ஒரே ஆளை நம்பினதால தோத்தாங்கன்னா, 2008-ல் யாரையும் தனியா நம்பாமலும் தோத்தது எப்படி? ஓனர்கிட்ட இதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மூனி மட்டும் அதைப் போட்டிருந்தா..."ன்னு ஆரம்பிச்சார். விட்டுட்டேன்.

கிளஸ்டர் ஜெயிச்சதும் எல்லா கோச்சும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. 36 பேரும் பந்து கூடவே நகர ஆரம்பிச்சா ஃபுல் ஃபார்வர்ட் ஓடுறதுக்கு வெத்து இடம் எங்க இருக்கும்? 2008-ல் ஃபிராங்க்ளின் தொட்ட நூறை, 2025 சீசன் முடியுற வரைக்கும் வேற யாரும் தொடலை. தன்னோட கூட்டத்தைத் தானே காலி பண்ணின திட்டத்துக்குள்ள நின்னு ஆடின கடைசி ஆள் அவர். 2019-ல் லீக்கே தலையிட்டு, நடுவில் பந்தை எழுப்பும்போதாவது மூணு பகுதியிலும் ஆறு ஆறு பேர் நிக்கணும்னு சட்டம் போட்டாங்க. அது சில நொடிக்குத்தான். பந்து எழும்பினதும் பழையபடி மொத்தமா ஓடுறாங்க.

ஃபிராங்க்ளின் பின்னாடி சிட்னிக்குப் போய், 2022 மார்ச்சில் ஆயிரமாவது கோலைப் போட்டார். எதிரணி யாருன்னு நினைக்கிறீங்க? ஜீலாங்தான் :-) சிட்னி ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குள்ள இறங்கிட்டாங்க. அதே வருஷ கிராண்ட் ஃபைனலில் ஜீலாங் அதே சிட்னியை 81 புள்ளி வித்தியாசத்தில் துவைச்சு எடுத்தது வேற விஷயம்.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு ஓனர் மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். 2007, 2009, 2011, 2022, ஜீலாங் கோப்பை வாங்கின நாலு கிராண்ட் ஃபைனல் டிக்கெட்டும் ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக் கிடந்தது. அதுல எதையாவது மாட்டக்கூடாதான்னு கேட்டேன். "அதுல எல்லாம் ஆப்லெட் ஆடலையே"ன்னு டிராயரை மூடினார். 2007லயும் 2009லயும் ஆப்லெட்டோட மகன் ஆடியிருக்காரேன்னு சொல்ல வாயெடுத்தேன். டாக்ஸி வந்துடுச்சு.