கல்நார் நோயும் காலக்கணக்கும்: அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களை முன்வைத்து

முன்னுரை

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார், வெப்பத்தைத் தாங்கும் இழைக் கனிமமாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் அதுவே வெப்பக்காப்பு உறையாக அமைந்தது. அதன் தீங்கு குறித்த சான்றுகள் கிடைத்தும் அவை எவ்வாறு பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1946ஆம் ஆண்டு ஆய்வு

போர்க்காலத்தில் இந்நோய் அறியப்படாத ஒன்றன்று. பிரிட்டனில் மெரிவெதர், பிரைஸ் ஆகியோர் கல்நார் நெசவாலைத் தொழிலாளரின் நுரையீரல் நோய் பற்றி 1930இல் அறிக்கை அளித்தனர். 1931இல் அங்குத் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் இயற்றப்பட்டன.

அமெரிக்காவில் ஃபிளெய்ஷர், டிரிங்கர் உள்ளிட்டோர், கடற்படைக் கப்பல் கட்டும் தளங்களில் குழாய்களுக்கு உறையிடும் 1,074 தொழிலாளரைப் பரிசோதித்து 1946இல் முடிவை வெளியிட்டனர். மூவருக்கு மட்டுமே நோய் காணப்பட்டதால், அத்தொழில் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது எனக் கருதினர். எனினும் அம்மூவரும் 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்கள். பரிசோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் 10 ஆண்டுகளுக்கும் குறைவாகப் பணியாற்றியவர்கள். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், இம்முடிவு தொழிலின் பாதுகாப்பை மெய்ப்பிக்கவில்லை; பணிக்காலத்தின் குறுமையையே காட்டியது.

பின்னர் வந்த சான்றுகள்

1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடனாய்வாளரும் கல்நாருக்கும் மீசோதீலியோமா புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். 1964இல் செலிக்காஃபும் உடனாய்வாளரும் வெப்பக்காப்புத் தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதை வெளியிட்டனர். கப்பலின் இயந்திர அறையில் பணிபுரிந்த மாலுமிகள் உறையிடும் தொழிலாளர் அல்லர். ஆயினும் பழுதுபார்க்க உறையைப் பிரிக்கும்போது எழும் தூசை, காற்றோட்டம் குன்றிய அறைகளில் அவர்களும் சுவாசித்தனர்.

சட்டத்தின் நிலை

பணியின்போது விளைந்த தீங்கிற்காகப் படைவீரர் அரசின்மீது வழக்குத் தொடர இயலாது என 1950இல் ஃபெரெஸ் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே முன்னாள் மாலுமிகளுக்கு அரசின் படைவீரர் இழப்பீட்டுத் திட்டமும், உற்பத்தியாளர் மீதான வழக்கும் எஞ்சின. கல்நார் இல்லாமலே கருவியை வழங்கியிருப்பினும், அக்கருவி இயங்கக் கல்நார் உறை தேவைப்பட்டு, அதன் ஆபத்தை உற்பத்தியாளர் அறிந்திருந்து, பயன்படுத்துவோர் அதை உணர்வர் என நம்பக் காரணமும் இல்லாதபோது, எச்சரிக்கும் கடமை உற்பத்தியாளருக்கு உண்டு என அந்நீதிமன்றம் 2019இல் டெவ்ரிஸ் வழக்கில் முடிவுசெய்தது. இவ்வழக்கைத் தொடர்ந்தவர்கள் இறந்துபட்ட கடற்படை வீரர்களின் குடும்பத்தினர் ஆவர்.

முடிவுரை

1946ஆம் ஆண்டு ஆய்வின் பிழையைக் காட்டும் தரவு அவ்வாய்விலேயே இருந்தது. தொழில்சார் நோய் வரலாற்றை எழுதுவோர், நோயுற்றோர் எண்ணிக்கையுடன் அவர்கள் பணியாற்றிய காலத்தையும் ஒப்பிட்டு நோக்குதல் இன்றியமையாததாகும்.