அடுத்து இறங்கவேண்டியவர்

1988 பெப்ரவரி, பம்பாய் ஆசாத் மைதானம். பாடசாலைகளுக்கிடையிலான ஹரிஸ் கேடய அரையிறுதியில் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ஓட்டங்கள் குவித்த கதையை நம்மில் கனபேர் கேட்டிருப்பம். அடுத்து இறங்கவேண்டிய 13 வயதுப் பெடியன் பாட் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். அவனுடைய முறை வரவேயில்லை.

அமோல் மஜும்தாரைப் பற்றி யார் எழுதினாலும் இதில்தான் தொடங்குவார்கள். நாமும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறம். ஆனா இந்தக் கதையில எங்களுக்கு ஒரு கரைச்சல் இருக்கு: இருபது வருட ஆட்டம் முழுவதையும் 'கிடைக்காமல் போனது' எண்ட ஒரே பெட்டிக்குள்ள போட்டு மூடிவிடுகிறது.

கிடைத்ததைப் பார்ப்பம். 1993-94 பருவத்தில் ஹரியானாவுக்கு எதிராக முதன்முதலாக முதற்தரப் போட்டியில் இறங்கியவர் 260 ஓட்டங்கள் பெற்றார். அறிமுகப் போட்டியில் அது உலக சாதனை. 2018 வரை யாரும் தாண்டவில்லை. ஓய்வு பெறும்போது 171 முதற்தரப் போட்டிகள், 11,167 ஓட்டங்கள், 30 சதங்கள். ரஞ்சிக் கிண்ணத்தில் அதிக ஓட்டம் பெற்றவர் என்ற இடமும் சில காலம் அவருடையதாக இருந்தது. பிறகுதான் வசிம் ஜாபர் முந்தினார். இந்தியாவுக்காக ஆடிய போட்டிகள்? ஒன்றுகூட இல்லை. டெண்டுல்கர் ஏற்கெனவே இருந்த மத்திய வரிசைக்கு 1996இல் கங்குலி, டிராவிட், லக்ஷ்மண் மூவரும் வந்து சேர்ந்தார்கள். பதினொரு பேருக்குத்தானே இடம்.

எங்களுக்கு அவருடைய ஆட்டவாழ்வில் முக்கியமான பருவம் 2006-07. அவர் தலைமையில் மும்பை முதல் மூன்று போட்டிகளிலும் தோற்றது. அதே அணி வங்காளத்தை வென்று கிண்ணத்தைத் தூக்கியது. பிறகு மும்பையை விட்டு அசாமுக்கும் ஆந்திராவுக்கும் போய் ஆடினார். பெரிய அணியில் பெயர் எடுத்தவர் சின்ன அணிகளின் வெறும் மைதானங்களில் ஓட்டம் எடுக்கிறதை எந்தத் தொலைக்காட்சி காட்டும்?

பயிற்றுவிப்பு வேலையும் பளபளப்பாகத் தொடங்கவில்லை. 2019இல் இந்தியா வந்த தென்னாபிரிக்க அணிக்குத் தற்காலிகத் துடுப்பாட்டப் பயிற்றுவிப்பாளர். அந்த அணி மூன்று டெஸ்டிலும் தோற்றது. பின்னர் மும்பை அணி. 2023 ஒக்டோபரில் இந்தியப் பெண்கள் அணி. 2005, 2017 என்று இரண்டு உலகக்கிண்ண இறுதிப்போட்டிகளில் தோற்ற அணி அது.

2025 உலகக்கிண்ணத்தில் அவர்களுடைய முதல் போட்டி குவாஹாட்டியில், அதாவது அவர் ஒருகாலத்தில் ஆடிய அசாமில், இலங்கைக்கு எதிராக. அதில் வென்றவர்கள் பிறகு தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து என்று தொடர்ந்து மூன்று தோல்விகள். இங்கிலாந்திடம் வெறும் நான்கு ஓட்டங்களால். மூன்று தோல்விக்குப் பிறகு ஓர் அணியின் அறை எப்படி இருக்கும் எண்டு 2006இலேயே பார்த்த ஆள், இப்ப பயிற்றுவிப்பாளர். அரையிறுதியில் ஜெமிமா ரொட்ரிகஸ் ஆட்டமிழக்காமல் 127 அடிக்க, அவுஸ்திரேலியாவின் 338 ஓட்டங்களைத் துரத்திப் பிடித்தார்கள். நவம்பர் 2, நவி மும்பையில் தென்னாபிரிக்காவை 52 ஓட்டங்களால் வென்றார்கள்.

அன்றிரவே 'இந்தியத் தொப்பி கிடைக்காதவருக்குக் காலம் தந்த ஈடு' எண்ட மாதிரிக் கதைகள் கிளம்பிட்டுது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. காயப்பட்ட பிரதிகா ராவலுக்குப் பதிலாக வந்து 87 அடித்த ஷஃபாலி வர்மாவும், அரைச்சதத்தோடு ஐந்து விக்கெட் எடுத்த தீப்தி சர்மாவும் யாருடைய பழைய கணக்கையும் தீர்க்க ஆடவில்லை. அந்த 11,167 ஓட்டங்களும் எதற்கும் முன்பணம் இல்லை. அவை எடுத்த அன்றே எடுத்து முடிந்தவை.