இயங்குதள மாற்றமும் தமிழ்க் கோப்புகளின் வாசிப்புத்தன்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தோர் எழுத்தைக் கண்டு எழுத்தை எழுதினர். படியில் பிழை நேர்ந்தாலும் அப்பிழை எழுத்தாகவே நின்றது. பாடபேதங்களை ஒப்பிட்டு மூலத்தை அணுக வழி இருந்தது. கணினிக் கோப்பின் நிலை வேறு. அதில் சேமிக்கப்படுபவை எண்கள். அவற்றை எழுத்தாகக் காட்டுவது கோப்பைத் திறக்கும் கணினி. எனவே, ஓர் இயங்குதளத்தில் உருவான தமிழ்க் கோப்பு மற்றோர் இயங்குதளத்தில் வாசிக்கத்தக்கதாக உள்ளதா எனச் சோதிப்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. பாடத்தின் நம்பகத்தன்மை பற்றிய வினாவும் ஆகும். தமிழ் எழுத்துக் குறியேற்ற வரலாற்றின் வழி இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

எழுத்துருவைச் சார்ந்திருந்த காலம்

8 பிட் முறையில் ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகளே உண்டு. அவற்றுள் முதல் 128 ஆஸ்கி குறியேற்றத்துக்கு உரியவை. 1990களில் வழங்கிய தமிழ் எழுத்துருக்கள் பலவும் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி இந்த இடங்களில் அமைத்துக்கொண்டன. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்னும் செய்தி எளிய உரைக்கோப்பில் பதிவாவதில்லை. எழுத்துரு தொலைந்தால் கோப்பின் பொருளும் தொலைந்தது.

இந்நிலையை மாற்றும் முயற்சிகள் 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி வலுப்பெற்றன. மின்னஞ்சல் வழி நிகழ்ந்த விவாதங்களின் பயனாக டிஸ்கி குறியேற்றம் உருவாயிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டை அடுத்து டேப், டேம் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை டிஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது.

ஒரே எண், வேறு எழுத்து

குறியேற்றம் ஒன்றுபட்டும் இயங்குதளச் சிக்கல் தீரவில்லை. டிஸ்கியில் அகரத்தின் எண் 171. விண்டோஸின் மேற்கத்திய எழுத்துத் தொகுதியில் அதே எண் இடப்பக்க இரட்டைக் கோண மேற்கோள் குறிக்கு உரியது. பழைய மேக் ரோமன் தொகுதியில் அம்மேற்கோள் குறியின் எண் 199. கோப்பை ஐரோப்பிய மொழி உரை எனக் கருதி விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாற்றித் தரும் மென்பொருள் 171ஐ 199 ஆக்கிவிடும். டிஸ்கியில் 199 என்பது ளகரம். அகரத்தில் தொடங்கிய சொல் ளகரத்தில் தொடங்கும். மென்பொருள் தன் நோக்கில் சரியாகவே செயற்பட்டிருக்கும்.

தகரத்தின் நிலை இதனினும் கடினம். டிஸ்கியில் அதன் எண் 190. விண்டோஸ் தொகுதியில் அது முக்கால் என்னும் பின்னக் குறி. மேக் ரோமனில் அக்குறியே இல்லை. ஆகவே மாற்றியானது அதனை விட்டுவிடும், அல்லது பிறிதொரு குறியை இடும். 'தமிழ்' என்னும் சொல்லின் முதல் எழுத்தே இவ்வாறு அழியக்கூடும். பல எழுத்துகளுக்கு ஒரே மாற்றுக்குறி இடப்பட்டுவிட்டால் மூல எழுத்தை அக்கோப்பிலிருந்து உறுதியாக மீட்க இயலாது.

இகரத்தின் எண் 173. ஐரோப்பிய எழுத்துத் தொகுதிகளில் அது வரி முறியும்போது மட்டும் தோன்றும் மென் இணைப்புக்கோட்டின் இடம். அதனைக் காட்டாது விடும் மென்பொருள்களில் இகரம் கண்ணுக்குப் புலப்படாது போயிற்று. இதனால் இகரத்துக்கு 254ஆம் இடமும் வழங்கப்பட்டது. அவ்விடம் ஐஸ்லாந்து மொழி எழுத்தொன்றுக்கு உரியது. மேக் ரோமனில் அவ்வெழுத்தும் இல்லை.

அடிப் பிரிப்பும் இடர்ப்பட்டது. வரி முடிவைக் குறிக்க விண்டோஸ் 13, 10 ஆகிய இரு எண்களையும், பழைய மேக் 13ஐயும், யூனிக்ஸ் 10ஐயும் பயன்படுத்தின. பழைய மேக்கில் அடி அடியாக உள்ளிடப்பட்ட செய்யுள், இவ்வேறுபாட்டை அறியாத யூனிக்ஸ் மென்பொருளில் ஒரே நீண்ட வரியாகத் தோன்றும். யாப்பு நோக்கில் இது சிறு குறையன்று.

ஒருங்குறிக்குப் பின்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000இலும், 2005இல் வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4இலும்தான் அவ்வியங்குதளங்கள் அதற்கு உள்ளமைந்த ஆதரவு அளித்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு எழுத்துருவின் பிடியிலிருந்து விடுபட்டது.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சியது. 'தொல்காப்பியம்' என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பு, கால் ஆகிய இரு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என ஒருங்குறி வரையறுக்கிறது. ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாகப் பெயர்களைப் பைட்டுகளாகவே ஒப்பிடுகின்றன. அதனால் மேக்கிலிருந்து பிரித்த வடிவிலேயே லினக்ஸுக்கு வந்த கோப்பின் பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும், ஒரே குறியெண்ணால் தட்டச்சு செய்து தேடினால் அகப்படாமற் போகும்.

முடிவுரை

பைட்டுகள் மாறாதிருப்பதும் எழுத்து மாறாதிருப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கப்பட்ட டிஸ்கி கோப்பின் பைட்டுகள் மாறுவதில்லை; வாசிப்பு அழிகிறது. ஒகரக் குறி பிரிந்த ஒருங்குறிக் கோப்பில் வாசிப்பு மாறுவதில்லை, பைட்டுகள் மாறுகின்றன. ஆகவே சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுவதோ, கோப்பு திறக்கிறது எனக் காண்பதோ தனித்துப் போதுமான சோதனையாகாது. எழுத்து, அடி, தேடல் ஆகிய மூன்றும் வெவ்வேறு இயங்குதளங்களில் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரும் மூலக் கோப்பு, அதன் குறியேற்றம், எழுத்துரு, உருவான இயங்குதளம் ஆகியவை குறித்த பதிவோடு பேணப்படுதல் வேண்டும். மாற்றத்தில் நேர்ந்த பிழையைக் கண்டறிய, பிற்கால ஆய்வாளர்க்கு அம்மூலமே ஒப்புநோக்கும் ஏடாக அமையும்.