களஞ்சியத்துக்குள் என்ன இருக்கிறது?

'தஞ்சை, தமிழகத்தின் நெற்களஞ்சியம்.' கோடிட்ட இடத்தை நிரப்பி ஸ்கூலில் ஒரு மார்க் வாங்கியிருப்பீர்கள். சரி, களஞ்சியம் என்றால் எப்படி இருக்கும்? யாராவது காட்டினார்களா?

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் பாபநாசத்தில் இறங்குங்கள். திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நிஜக் களஞ்சியமே நிற்கிறது. நாயக்கர் காலத்துச் செங்கல் கட்டடம். வட்டச் சுவர், மேலே கூம்பு. 3,000 கலம் நெல் பிடிக்குமாம். தஞ்சாவூர்க் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை. ஆக, 1,500 மூட்டை! இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இதன் குட்டித் தம்பிதான் வீட்டுக் குதிர். மேலே கொட்டுவார்கள், அடியில் உள்ள ஓட்டை வழியாக எடுப்பார்கள். பழைய நெல்தான் முதலில் வரும். பி.காம். படிக்கும்போது 'ஃபர்ஸ்ட் இன், ஃபர்ஸ்ட் அவுட்' என்று நான் உருப்போட்ட சமாசாரத்தை, பாட்டிமார்கள் மண்ணைக் குழைத்துச் செய்து வைத்திருந்திருக்கிறார்கள். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியை வைத்தே சைஸைப் புரிந்துகொள்ளலாம். ஒரு முழு ஆள் ஒளிகிற இடம்.

பெரும்பாணாற்றுப்படை எழுதிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு இது 'கூடு'. ஏணிக்கும் எட்டாத உயரம், உள்ளே பழைய தானியம். கன்னியாகவே மூத்துவிட்டது என்கிறார் அந்தக் கூட்டை. கட்டுக் குலையாமலே வயசானது என்று அர்த்தம். அன்றைக்கு நெற்கூட்டுக்கு உவமை தேடினார்கள். பிற்பாடு நெற்கூடே மற்றதற்கெல்லாம் உவமையாகிவிட்டது.

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராக வைத்து என்சைக்ளோபீடியா கொண்டுவந்ததே, அதற்கு என்ன பேர்? கலைக்களஞ்சியம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். என்சைக்ளோபீடியாவின் கிரேக்க மூலத்தில் நெல்லும் இல்லை, கிடங்கும் இல்லை. முழுமையான கல்வி என்பதுதான் பொருள். நம்மவர்கள் வயற்காட்டுக்காரர்கள், அறிவையும் மூட்டை கட்டிக் கொட்டினார்கள். 'மேகஸின்' மட்டும் என்னவாம்? அரபு மொழியில் கிடங்கு. 1731-ல் லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' வந்த பிறகுதான் பத்திரிகைக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. உங்கள் கையில் இருப்பதும் ஒரு கோடவுன்தான் சார்!

இப்படி உவமை செழித்துவிட்டது. நிஜம்? அறுவடை சமயத்தில் டெல்டா பக்கம் போய்ப் பாருங்கள். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே, ரோட்டோரமெல்லாம் நெல் அம்பாரம். ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டினால் எடுக்கக்கூடாது என்பது விதி. மழை பெய்தால் விதியைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போக வேண்டும். 2022 அக்டோபரில் 19 வரை வாங்கலாம் என்றார்கள். உத்தரவு வரும்வரை முளைக்காமல் இருக்க நெல்லுக்குத் தெரியுமா?

அம்பாரத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, பக்கத்திலேயே ராத்திரி முழுக்கக் காவல் கிடக்கிறாரே ஒரு விவசாயி, அவரிடம் போய், "நீங்க நெற்களஞ்சியத்துக்காரர் ஆச்சே" என்று சொல்லிப் பாருங்களேன்.