பக்கத்து மேசையின் மொழி

ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர். 'ஹொகே' என்றால் புகை. புகை எழும் கல். தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு கன்னடப் பெயர் தாங்கும் அந்த ஊரில் பரிசல் ஓட்டுகிறவர்களும் மீன் வறுத்து விற்கிறவர்களும் வருகிறவர் முகம் பார்த்து மொழி மாற்றுவார்கள். 2005இல், தருமபுரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளனாகச் சேர்ந்த புதிதில் (ஊதியத்தில் கௌரவம் மட்டுமே இருந்தது), தமிழ் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று பரிசல்காரர்களின் தொழிற்சொற்களைத் தொகுக்கச் செய்தேன். நானூறு சொற்களுக்குமேல் தேறின. கல்லூரிக் கணினி அறையில் தட்டச்சு செய்து வைத்தார்கள். விடுமுறை முடிந்து திரும்பியபோது அந்தக் கோப்பு அங்கே இல்லை.

யார் அழித்தார் என்று கேட்பதில் பொருளில்லை. முப்பது விண்டோஸ் கணினிகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கணினித் துறை நண்பர் என்னைத் தேற்றிய விதம் நினைவிருக்கிறது. "ஐயா, உங்க பசங்க மேல தப்பில்ல. இந்த முப்பது பெட்டிக்கும் ஒரு கணக்குப்பிள்ளை இல்ல, அதான்."

அவர் சொன்ன கணக்குப்பிள்ளைக்குத் தொழில்நுட்பப் பெயர் டொமைன் கண்ட்ரோலர். வலைப்பின்னலில் யார் யார் உண்டு, அவரவர் கடவுச்சொல் என்ன, எந்த அறைக்கதவு யாருக்குத் திறக்கும் என்ற பேரேட்டை வைத்திருக்கும் ஒற்றைக் கணினி அது. மைக்ரோசாஃப்ட் அதற்கென்று வழங்கி மென்பொருள் விற்றது. அதற்கொரு விலை, அதை அணுகும் கணினிகளுக்கு மேலும் உரிமக் கட்டணம். எங்கள் கல்லூரியில் கரும்பலகைக்குச் சாயம் பூசவே மூன்று கடிதம் எழுத வேண்டும். நண்பர் கழித்துப்போட்ட பென்டியம் பெட்டி ஒன்றைத் துடைத்து எடுத்து, லினக்ஸ் நிறுவி, அதன்மேல் சாம்பா என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றினார். (சம்பா என்று குறிலில் எழுதினால் நெல்லாகிவிடும். ஒகேனக்கல்லைத் தாண்டி மேட்டூர் போகிற தண்ணீர் அதற்குத்தான்.) முப்பது கணினிகளையும் ஒவ்வொன்றாகப் பேரேட்டில் பதிந்தார். மனிதருக்கு மட்டுமன்றி இயந்திரத்துக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. பெயரின் இறுதியில் டாலர் குறி இருக்கும். அதன்பின் ஒரு மாணவி எந்தக் கணினியில் அமர்ந்து தன் பெயரை இட்டாலும் அவளுடைய கோப்புகளே திறந்தன. மறுமுனையில் இருப்பது விண்டோஸ் அல்ல என்பது அந்த முப்பதில் ஒன்றுக்கும் தெரியவில்லை.

எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கப்போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

1991 டிசம்பரில் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், யூனிக்ஸ் கணினியிலுள்ள கோப்புகளை டாஸ் கணினியிலிருந்து திறக்க ஒரு சிறு நிரல் எழுதினார். டெக் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்ற மென்பொருளோடு அது பேச வேண்டும். அதன் மொழிக்கு இலக்கணம் எதுவும் அவர் கையில் இல்லை. கம்பியில் போகும் செய்திகளைக் கவனித்தார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறதென்று குறித்துக்கொண்டே மொழியைப் பிடித்தார். ஐபிஎம்மில் பிறந்து, மைக்ரோசாஃப்ட் வளர்த்த எஸ்எம்பி என்ற நெறிமுறையே அது என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அந்த எழுத்துகளை வைத்து இட்டிருந்த முதற்பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரவே, எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி, 1994இல் சாம்பா என்று மாற்றினார்.

தம் முறைக்கு அவர் தந்த உவமை, பிரெஞ்சு உணவகம். மொழி தெரியாத ஊரில் உணவகத்தில் அமர்ந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன சொன்னதும் பரிமாறுபவர் எதைக் கொண்டுவருகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது. ஒகேனக்கல் மீன்கடைப் பிள்ளைகள் இரண்டாம் மொழியைக் கற்பதும் இப்படித்தான். சமையலறைக்குள் புகுந்து செய்முறையைத் திருடுவது வேறு, உணவகத்தில் அமர்ந்து காது கொடுப்பது வேறு. சாம்பாவின் நேர்மை முழுவதும் இந்த வேறுபாட்டில் நிற்கிறது.

கோப்பைப் பகிர்வது எளிய உரையாடல். கணக்குப்பிள்ளையாக நடிப்பது அப்படியன்று. விண்டோஸ் என்டி டொமைனின் ரகசியப் பேச்சைப் பிரித்தறிந்ததில் லூக் லெய்ட்டன் என்பவரின் உழைப்பு பெரிது, பொறுமையின்மையும் பெரிதுபோலும். குழுவுக்குள் கருத்து வேறுபாடு முற்றி, 2000இல் அவருடைய பகுதி சாம்பா டிஎன்ஜி என்று தனியே பிரிந்தது. (தமிழ்ச் சிற்றிதழ்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.) 2001இல் வந்த சாம்பா 2.2, விண்டோஸ் 2000 கணினிகளும் நம்பும்படி டொமைன் கண்ட்ரோலராக நின்றது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டைரக்டரி என்ற புது ஏற்பாட்டுக்கு நகர்ந்திருந்தது. எல்டாப், கெர்பரோஸ் என்ற பொது நெறிமுறைகளின் மீது கட்டியதுதான். ஆனால் இடையிடையே தன் சொந்த வழக்கையும் கலந்திருந்தது. ஊர்ப்பொதுக் கிணற்றில் தனிப்பூட்டுப் போட்டதுபோல. 2003இன் சாம்பா 3 அந்தச் சபையில் உறுப்பினராக அமரலாம், தலைமை ஏற்க முடியாது.

பூட்டு நீதிமன்றத்தில் திறந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998இல் தொடுத்த புகாரின் தொடர்ச்சியாக 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, வழங்கிகள் பேசும் மொழியின் விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர உத்தரவிட்டது. மேல்முறையீட்டின்போது சாம்பா குழுவினரும் நீதிமன்றத்தில் பேசினர். 2007 செப்டம்பர் 17இல் தீர்ப்பு ஆணையத்தின் பக்கம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பத்தாயிரம் யூரோ கட்டணத்தில் அந்த ஆவணங்கள் சாம்பாவுக்குக் கிடைத்தன. கையில் இலக்கணம் இருந்தும் நூல் எழுத ஐந்தாண்டு ஆயிற்று: ஆக்டிவ் டைரக்டரிக்கே தலைமை தாங்கக்கூடிய சாம்பா 4, 2012 டிசம்பர் 11இல் வெளியானது. வழக்கு இல்லாதிருந்தால் அதுவும் ஒருநாள் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்டுக் கேட்டே கற்றவர்களை வாழ்நாள் முழுதும் ஒட்டுக்கேட்பவர்களாக வைத்திருப்பது எந்த நியாயம்?

நம் பக்கத்திலும் அலை எழுந்தது. 2007இல் சென்னை சி-டாக் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலோ விண்டோஸும் பாஸும் ஒரே பெட்டிக்குள் வந்தன. மாணவர்கள் பெரும்பாலும் எதைத் திறந்தார்கள் என்பதை நான் வகுப்பறையில் பார்த்தேன். ஒன்று மற்றதை விரட்டிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இரண்டும் இருக்கப்போகின்றன என்று ஏற்றுக்கொண்டு, இரண்டுக்கும் இடையில் நின்று பேசிய சாம்பாவின் வழியே எங்களைப் போன்ற கல்லூரிகளுக்குப் பயன்பட்டது.

எங்கள் பழைய பென்டியம் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் எஸ்எம்பியின் முதல் பதிப்பு வழியாக உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய மொழியை மைக்ரோசாஃப்ட் கைவிடத் தொடங்கியது. புதிதாக வாங்கிய கணினிகள் எங்கள் கணக்குப்பிள்ளையைக் கண்டுகொள்ளவில்லை. நண்பர் ஓய்வுபெறுவதற்குமுன் செய்த கடைசி வேலை, பேரேட்டைச் சாம்பா 4க்கு மாற்றியதுதான். பழைய டொமைனிலிருந்து பெயர்களை அப்படியே கொண்டுவர அதில் வழியிருக்கிறது. மாற்றி முடித்துப் பட்டியலைத் திரையில் ஓடவிட்டார். எப்போதோ படித்து முடித்துப் போனவர்களின் பெயர்கள் எல்லாம் வந்தன. தேவையற்றதை நீக்கிவிடலாமா என்றார். 2005ஆம் ஆண்டு மாணவர்களை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். அழிந்த சொற்களுக்காக மறுபடி ஒகேனக்கல் போய், முந்நூற்றுப் பதினெட்டை மீட்டுவந்தவர்கள் அவர்கள்.